விபிஎன் அப்னு காட்டுது, ஆனா எதுவும் போகல: ரவுட்டர் கமாண்ட் லைன்ல அறிகுறியை வச்சு பிழையைப் பிடிக்கிறது

ரெண்டு ஆஃபீஸுக்கு நடுவுல சைட் டு சைட் ஐபிசெக் (ரெண்டு லேனையும் இன்டர்நெட் வழியா என்கிரிப்ட் பண்ணி இணைக்கிற விபிஎன் டன்னல்) போட்டிருப்பாங்க, திடீர்னு ஒரு நாள் "பிராஞ்ச் சர்வர் வரல"னு போன் வரும், உடனே ரவுட்டருக்குள்ள போய் வெறுமனே பிங் அடிச்சுப் பார்த்துட்டு, போகலன்னதும் கிரிப்டோ கான்ஃபிகை அழிச்சு திரும்ப எழுத ஆரம்பிச்சிடுவாங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. பாக்கெட் எந்த இடத்துல சாகுதுன்னு ரவுட்டரே சொல்லும், கேட்கிற விதமா கேட்டா போதும். கான்ஃபிக்ல ஒரு வரி மாத்துறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுடணும்.

உதாரணத்துக்கு சிஸ்கோ ஐஓஎஸ் ரவுட்டர், கிரிப்டோ மேப் (எந்த டிராஃபிக்கை என்கிரிப்ட் பண்ணி யாருக்கு அனுப்பணும்னு சொல்ற கான்ஃபிக்) போட்ட பழைய பாணி டன்னல்னு வச்சுக்கலாம், இன்னிக்கும் பல இடத்துல ஓடிட்டிருக்கிறது அதுதான். ஹெட் ஆஃபீஸ் லேன் 192.168.10.0/24, ரவுட்டரோட லேன் ஐபி 192.168.10.1, வேன் ஐபி 203.0.113.10. பிராஞ்ச் லேன் 192.168.20.0/24, அங்க ரவுட்டர் 192.168.20.1, வேன் 198.51.100.20. கமாண்டெல்லாம் சொல்ற மாதிரியே தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், டைப் பண்ணும்போது வழக்கமான இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல அடிச்சுக்கோங்க.

அறிகுறி: ரவுட்டர்ல இருந்து பிங் அடிச்சா அஞ்சும் புள்ளி

பிங் ரிசல்ட்ல புள்ளின்னா பதில் வரல, ஆச்சரியக்குறின்னா வந்துச்சு. பிங் 192.168.20.1 னு மட்டும் அடிச்சீங்கன்னா, ரவுட்டர் அந்தப் பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸ் வழியா வெளிய போகுதோ அந்த ஐபியையே சோர்ஸா போடும், அதாவது 203.0.113.10. ஆனா கிரிப்டோ ஏசிஎல்ல (எது டன்னலுக்குள்ள போகணும்ங்கிற பட்டியல்) நீங்க எழுதி வச்சிருக்கிறது 192.168.10.0 ல இருந்து 192.168.20.0 க்குப் போற டிராஃபிக் மட்டும். சோர்ஸ் பொருந்தாததால அந்தப் பாக்கெட் டன்னலுக்குள்ள போகவே போகாது, நேரா இன்டர்நெட்டுக்குப் போகும், அங்க 192.168 அட்ரஸை யாரும் கண்டுக்க மாட்டாங்க. டன்னல் நல்லாவே இருந்தாலும் இந்த பிங் ஃபெயில்தான் ஆகும், அதனால இந்த ரிசல்ட்டை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

சரியான கமாண்ட்: பிங் 192.168.20.1 சோர்ஸ் 192.168.10.1. ஐபிக்கு பதிலா சோர்ஸ் விலான் 10 னு இன்டர்ஃபேஸ் பேரும் கொடுக்கலாம். கிரிப்டோ மேப் டன்னல்ல இனிமே எந்த டெஸ்ட் பண்ணினாலும், டிரேஸ்ரூட்டா இருந்தாலும், சோர்ஸ் இல்லாம அடிக்காதீங்க. இன்னொண்ணு, மொதல்ல அந்தப் பக்கத்து ரவுட்டரோட லேன் ஐபியையே பிங் பண்ணுங்க, அங்க இருக்கிற ஒரு விண்டோஸ் பிசியை இல்ல. விண்டோஸ் ஃபயர்வால் வேற சப்நெட்ல இருந்து வர்ற பிங்கை சாதாரணமா விடாது, அப்புறம் டன்னல் மேல பழி விழும். மறுபக்கம் இருக்கிறது சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வால்னா அதோட உள்பக்க ஐபியும் டன்னல் வழியா பதில் சொல்லாது, மேனேஜ்மென்ட் அக்சஸ் இன்சைட்னு ஒரு வரி அதுல இருந்தாத்தான் சொல்லும்.

பிங் அடிச்ச உடனே "இன்வாலிட் சோர்ஸ் அட்ரஸ்"னு திட்டுச்சுன்னா விபிஎன்னை விட்டுடுங்க, உங்க லேன் இன்டர்ஃபேஸே டவுன்ல இருக்கு இல்ல அந்த ஐபி இந்த ரவுட்டர்ல இல்ல. ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப் பாருங்க, விலான்ல ஒரு போர்ட் கூட அப்ல இல்லன்னா விலான் இன்டர்ஃபேஸும் படுத்துடும்.

அறிகுறி: மொதல் ஒண்ணு ரெண்டு புள்ளி, அப்புறம் எல்லாம் ஆச்சரியக்குறி

இது பிழையே இல்ல. டன்னல் சும்மா இருந்தா எஸ்ஏ (ரெண்டு ரவுட்டரும் பேசி ஒத்துக்கிட்ட என்கிரிப்ஷன் ஒப்பந்தம்) இருக்காது, உங்க மொதல் பாக்கெட்தான் ரெண்டு ரவுட்டரையும் பேச வைக்குது, பேசி முடிக்கிற வரைக்கும் வர்ற பாக்கெட் டிராப் ஆகும், அதான் 80 பர்சன்ட் 4/5 னு வருது. திரும்ப ஒரு தடவை அடிங்க, அஞ்சும் வந்தா சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் மொதல் பாக்கெட் போச்சுன்னாதான் யோசிக்கணும். பதில் எழுத்துல U வந்தா வழியில ஒருத்தர் அன்ரீச்சபிள்னு திருப்பி அனுப்புறாரு, ரூட்டையும் ஏசிஎல்லையும் பாருங்க. M வந்தா சைஸ் பிரச்சனை, கீழ வர்றேன்.

அறிகுறி: ஷோ கிரிப்டோ இசாகேம்ப் எஸ்ஏ ல ஒண்ணுமே இல்ல

சோர்ஸோட பிங் அடிச்சும் அந்த லிஸ்ட் காலியா இருந்தா, டன்னல் போடணும்ங்கிற எண்ணமே ரவுட்டருக்கு வரலன்னு அர்த்தம். மூணு இடம் பாருங்க. ஷோ கிரிப்டோ மேப் ல கடைசியில எந்த இன்டர்ஃபேஸ்ல மாட்டியிருக்குன்னு இருக்கும், லைன் மாத்தும்போது, குறிப்பா பழைய ஈதர்நெட்டை விட்டுட்டு பிபிபிஓஇ க்கு (யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையிற லைன்) மாறும்போது டயலர் இன்டர்ஃபேஸ்ல மேப் போட மறந்திருப்பாங்க. அப்புறம் ஷோ ஐபி ரூட் 192.168.20.0, அது மேப் இருக்கிற இன்டர்ஃபேஸ் வழியா வெளிய போகணும், வேற லைனுக்குப் போச்சுன்னா அவ்ளோதான். மூணாவது நேட் (வெளிய போற பாக்கெட்டோட ஐபியை மாத்துறது), அது கீழ தனியா.

அறிகுறி: எம்எம் நோ ஸ்டேட்லயே நிக்குது

அதே ஷோ கிரிப்டோ இசாகேம்ப் எஸ்ஏ ல ஸ்டேட்னு ஒரு காலம் இருக்கும், இதுவும் அடுத்து வர்றதும் அதுல தெரியிற வார்த்தைகள். இது வந்தா மொதல் பாக்கெட் போச்சு, உருப்படியா எதுவும் திரும்பி வரல. பியர் ஐபி (மறுபக்கத்து ரவுட்டரோட வேன் ஐபி) தப்பா, யூடிபி 500 வழியில பிளாக்கா, இல்ல ஃபேஸ் 1 (ரெண்டு ரவுட்டரும் அறிமுகமாகுற கட்டம்) பாலிசி ஒத்துப் போகலயா. என்கிரிப்ஷன், ஹேஷ், ஆத்தென்டிகேஷன் முறை, டிஎச் (கீ பரிமாற்ற) குரூப், இந்த நாலும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். வேன் டு வேன் பிங் போகலன்னு பயந்துடாதீங்க, நிறைய பேர் வெளியில இருந்து வர்ற பிங்கை அடைச்சு வச்சிருப்பாங்க. யூடிபி 500 வருதான்னு தெரியணும்னா மறுபக்கத்து வேன் ஏசிஎல்ல நம்ம ஐபிக்கு தனி பெர்மிட் வரி ஒண்ணு எழுதச் சொல்லுங்க, ஷோ அக்சஸ் லிஸ்ட் ல அந்த வரிக்குப் பக்கத்துல மேட்ச் எண்ணிக்கை ஏறுச்சுன்னா பாக்கெட் அங்க போய்ச் சேருது, பாலிசியைப் பாருங்க. ஏறலன்னா நடுவுல ஒருத்தர் முழுங்குறாரு, பாலிசியை நோண்டிப் பிரயோஜனம் இல்ல.

அறிகுறி: எம்எம் கீ எக்ஸ்ச்

பெரும்பாலும் ப்ரீ ஷேர்டு கீ (ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட வேண்டிய ரகசியச் சொல்) வேற வேறயா இருக்கும். லாக்ல ஐகேஇ (டன்னல் போட ரவுட்டர்கள் பேசிக்கிற புரோட்டோகால்) மெசேஜ் சானிட்டி செக்ல ஃபெயில்னு ஒரு வரி கூடவே வந்தா சந்தேகமே வேண்டாம். கீயை மெயில்ல இருந்து காப்பி பண்ணும்போது ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வரும். கீக்குள்ள கேள்விக்குறி இருந்தா இன்னும் மோசம், ஐஓஎஸ்ல அதை அடிச்சா ஹெல்ப் கேட்கிறீங்கன்னு நினைச்சுக்கும், கன்ட்ரோல் வி அழுத்திட்டு அடிச்சாத்தான் எழுத்தா உள்ள போகும். டெஸ்டுக்கு வெறும் எழுத்தும் எண்ணுமா ஒரு தற்காலிக கீயை ரெண்டு பக்கமும் கையாலயே அடிச்சுப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

கீ சரியாவே இருந்து இங்க நின்னா யூடிபி 4500. வழியில நேட் இருக்குன்னு ரெண்டு ரவுட்டரும் கண்டுபிடிச்சதும் சரியா இந்தக் கட்டத்துலதான் 500 ல இருந்து 4500 க்கு மாறும். 500 மட்டும் திறந்து விட்டிருந்தா இங்க வந்து முட்டிக்கிட்டு நிக்கும்.

அறிகுறி: க்யூஎம் ஐடில் வந்துருச்சு, ஆனாலும் பிங் போகல

ஐடில்ங்கிற வார்த்தையைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஃபேஸ் 1 நல்லபடியா முடிஞ்சுதுன்னுதான் அதுக்கு அர்த்தம். ஐகேஇ வெர்ஷன் 2 போட்டிருந்தா ஷோ கிரிப்டோ ஐகேவி2 எஸ்ஏ, அதுல ரெடின்னு வரணும். ஆனா இது ரெண்டு ரவுட்டரும் அறிமுகமாயாச்சுங்கிறது மட்டும்தான், டேட்டா போகுதான்னு இது சொல்லாது. "டன்னல் அப்ல இருக்கு, எங்க பக்கம் ஓகே"னு மறுபக்கத்துக்காரங்க சொல்றது பல தடவை இந்த ஒரு வரியைப் பார்த்துட்டுதான்.

அடுத்தது ஷோ கிரிப்டோ ஐபிசெக் எஸ்ஏ பியர் 198.51.100.20. நீளமா வரும், அதுல லோக்கல் ஐடென்ட், ரிமோட் ஐடென்ட்னு ரெண்டு சப்நெட், அதுக்குக் கீழ என்கேப்ஸ் (டன்னலுக்குள்ள அனுப்பின பாக்கெட்), டீகேப்ஸ் (டன்னல்ல இருந்து வந்த பாக்கெட்)னு ரெண்டு எண், கடைசியில இன்பவுண்ட், அவுட்பவுண்ட் எஸ்பிஐ (எஸ்ஏவோட அடையாள எண்). எஸ்பிஐ 0 னு இருந்து இன்பவுண்ட் இஎஸ்பி எஸ்ஏ காலின்னா ஃபேஸ் 2 (டேட்டாவுக்கான எஸ்ஏ போடுற கட்டம்) வரல. டிரான்ஸ்ஃபார்ம் செட் (டேட்டாவுக்கான என்கிரிப்ஷன், ஹேஷ் தேர்வு) பொருந்தல, இல்ல ரெண்டு பக்க கிரிப்டோ ஏசிஎல்லும் கண்ணாடி மாதிரி திருப்பி எழுதப்படல. நீங்க /24 எழுதியிருப்பீங்க, அவங்க /16 எழுதியிருப்பாங்க, இல்ல அவங்க ஒரே ஒரு சர்வருக்கு ஹோஸ்ட் என்ட்ரி போட்டிருப்பாங்க. டீபக்ல "ப்ராக்ஸி ஐடென்டிட்டீஸ் நாட் சப்போர்ட்டட்"னு வந்தா சரியா இதேதான்.

டீபக் போடுறதுன்னா பத்து டன்னல் ஓடுற ரவுட்டர்ல சும்மா போட்டுடாதீங்க, மொதல்ல டீபக் கிரிப்டோ கண்டிஷன் பியர் ஐபிவி4 198.51.100.20 னு வடிகட்டிட்டு, டெர்மினல் மானிட்டர் போட்டு, அப்புறம் டீபக் கிரிப்டோ இசாகேம்ப், டீபக் கிரிப்டோ ஐபிசெக். வேலை முடிஞ்சதும் அன்டீபக் ஆல்.

அறிகுறி: எஸ்ஏ இருக்கு, என்கேப்ஸ், டீகேப்ஸ் எண் மட்டும் ஒத்துப் போகல

இங்கதான் நான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். பாக்கெட் எங்க காணாம போகுதுன்னு இந்த ரெண்டு எண்ணும் காட்டிக் கொடுக்கிற அளவுக்கு வேற எதுவும் காட்டாது.

ரெண்டு பக்கமும் ஆள் இருக்கிற நேரம் பாருங்க, ஆஃபீஸ் டிராஃபிக் குறைவா இருந்தா இன்னும் நல்லது. ரெண்டு ரவுட்டர்லயும் என்கேப்ஸ், டீகேப்ஸ் எண்ணைக் குறிச்சுக்கோங்க. பூஜ்யத்துல இருந்து தொடங்கணும்னா கிளியர் கிரிப்டோ எஸ்ஏ கவுன்டர்ஸ், இதுல கடைசி வார்த்தையை விட்டுட்டு என்டர் தட்டினா அந்த ரவுட்டர்ல இருக்கிற எல்லா எஸ்ஏவும் போயிடும், ஜாக்கிரதை. அப்புறம் ஹெட் ஆஃபீஸ்ல இருந்து பிங் 192.168.20.1 சோர்ஸ் 192.168.10.1 ரிப்பீட் 100. முடிஞ்சதும் நாலு எண்ணையும் திரும்பப் பாருங்க.

ஹெட் ஆஃபீஸ் என்கேப்ஸ் ஏறவே இல்லையா? பாக்கெட் நம்ம ரவுட்டரை விட்டே டன்னலுக்குள்ள போகல. நம்பர் ஒன் சந்தேகம் நேட். ஐஓஎஸ்ல வெளிய போற பாக்கெட்டுக்கு மொதல்ல நேட் நடக்கும், அதுக்கப்புறம்தான் கிரிப்டோ ஏசிஎல் பார்க்கும். இன்டர்நெட்டுக்காக ஓவர்லோட் நேட் (எல்லா பிசியும் ஒரே வேன் ஐபியில வெளிய போறது) போட்டிருப்பீங்க, அந்த ஏசிஎல்லோட மேல 192.168.10.0 ல இருந்து 192.168.20.0 க்கு டினை போடலன்னா சோர்ஸ் 203.0.113.10 ஆ மாறிடும், கிரிப்டோ ஏசிஎல்ல பொருந்தாது. பிங் ஓடிட்டிருக்கும்போதே ஷோ ஐபி நேட் டிரான்ஸ்லேஷன்ஸ் அடிங்க, அதுல 192.168.20.1 தெரிஞ்சுதுன்னா ஆள் மாட்டிக்கிட்டாரு. டினை வரி பெர்மிட்டுக்கு மேல இருக்கணும், கீழ இருந்தா இல்லாததுக்குச் சமம். டினை போட்ட பிறகும் பழைய டிரான்ஸ்லேஷன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும், அதை கிளியர் பண்ணிட்டு டெஸ்ட் பண்ணுங்க.

நம்ம என்கேப்ஸ் 100 ஏறுச்சு, பிராஞ்ச் டீகேப்ஸ் பூஜ்யமா? நடுவுல காணாம போச்சு. ஐகேஇ பேச்சு யூடிபி 500 ல நடந்துடுச்சு, ஆனா டேட்டா போறது இஎஸ்பி, அது ஐபி புரோட்டோகால் எண் 50. இதை "போர்ட் 50 ஓப்பன் பண்ணுங்க"னு ஐஎஸ்பிகிட்ட சொல்றவங்க இன்னும் இருக்காங்க, அவங்களும் டிசிபி 50 ஐத் திறந்துட்டு முடிஞ்சுதுன்னு டிக்கெட்டை மூடிடுவாங்க. புரோட்டோகால் 50 னு தெளிவா எழுதுங்க. பிராஞ்ச் ரவுட்டருக்கு முன்னாடி ஐஎஸ்பி கொடுத்த மோடம் ரவுட்டர் மோட்ல உட்கார்ந்திருக்கான்னும் பாருங்க, பிரிட்ஜ் மோடுக்கு மாத்தினாலே நிறைய கேஸ் தீரும்.

பிராஞ்ச் டீகேப்ஸ் 100 ஏறுது, பிராஞ்ச் என்கேப்ஸ் ஏறலயா? பாக்கெட் போய்ச் சேர்ந்துடுச்சு, பதில்தான் வேற வழியில போகுது. பிராஞ்ச் பக்க ரூட், இல்ல பிராஞ்ச் பக்க நேட் டினை. நம்ம பக்கம் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

பிராஞ்ச்ல ரெண்டும் 100, நம்ம டீகேப்ஸ் மட்டும் பூஜ்யம்னா திரும்பி வர்ற வழியில இஎஸ்பி அடைபட்டிருக்கு, நம்ம வேன் ஏசிஎல்லை மொதல்ல பாருங்க, அப்புறம் ஐஎஸ்பி.

அறிகுறி: ரவுட்டர்ல இருந்து போகுது, பிசில இருந்து போகல

ரவுட்டரே உண்டாக்குற பாக்கெட்டும் பிசில இருந்து வர்ற பாக்கெட்டும் ஒரே வாசல் வழியா வர்றதில்ல. லேன் இன்டர்ஃபேஸ்ல இன் திசையில போட்ட ஏசிஎல் ரவுட்டரோட சொந்த பாக்கெட்டைத் தொடாது. ரெண்டு இன்டர்நெட் லைன் இருக்கிற ஆஃபீஸ்ல பாலிசி ரூட்டிங் போட்டிருப்பாங்க, அந்த ரூட் மேப்பும் லேன்ல இருந்து உள்ள வர்ற பாக்கெட்டுக்குத்தான், பிசி டிராஃபிக் மொத்தமும் ரெண்டாவது லைன்ல போயிட்டிருக்கும், ரவுட்டர் பிங் மட்டும் அழகா டன்னல்ல போகும். பிசில இருந்து 192.168.20.1 க்கு டிரேஸ்ரூட் அடிச்சுப் பாருங்க, நம்ம ரவுட்டருக்கு அடுத்த ஹாப் 192.168.20.1 ஆ இருக்கணும், ஏன்னா டன்னல் முழுக்க ஒரே ஹாப்தான், இன்டர்நெட் ஹாப்கள் நடுவுல தெரியவே கூடாது. ஐஎஸ்பி ஐபி தெரிஞ்சா டிராஃபிக் டன்னலுக்கு வெளிய.

ரெண்டு பக்கமும் 192.168.1.0/24 வச்சிருந்தா டெஸ்ட் பண்ணவே வேண்டாம், பிசி அதைப் பக்கத்து மெஷின்னு நினைச்சு ரவுட்டர்கிட்டயே கொடுக்காது. ஒரு பக்கம் ஐபி மாத்தணும் இல்ல ரெண்டு பக்கமும் நேட் பண்ணணும்.

சர்வர் பிங்குக்குப் பதில் சொல்லாட்டியும் போர்ட்டை ரவுட்டர்ல இருந்தே பார்க்கலாம்: டெல்நெட் 192.168.20.10 443 /சோர்ஸ் இன்டர்ஃபேஸ் விலான் 10. ஓப்பன்னு வந்தா டன்னல், ரூட், ஃபயர்வால் மூணும் சரி.

அறிகுறி: பிங் போகுது, ஆனா ஃபைல் காப்பி தொங்குது, வெப் பேஜ் பாதியில நிக்குது

சைஸ். ஐபிசெக் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேல தன்னோட ஹெடரை ஏத்தும், 1500 பைட் பாக்கெட் அதுல அடங்காது, பிபிபிஓஇ லைன்னா ஆரம்பமே 1492 தான். பிங் 192.168.20.1 சோர்ஸ் 192.168.10.1 சைஸ் 1400 டிஎஃப் பிட் (பாக்கெட்டை வழியில உடைக்காதேங்கிற குறி) அடிங்க, போச்சுன்னா 1420, 1440 னு ஏத்துங்க, போகலன்னா இறக்குங்க, எங்க நிக்குதோ அதான் எல்லை. ஐஓஎஸ்ல சைஸ்னு கொடுக்கிறது ஐபி ஹெடரையும் சேர்த்த மொத்த அளவு, விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் கொடுக்கிறது உள்ள இருக்கிற டேட்டா மட்டும், 28 பைட் வித்தியாசம் வரும், ரெண்டையும் ஒப்பிட்டுக் குழம்பாதீங்க.

தீர்வு லேன் இன்டர்ஃபேஸ்ல ஐபி டிசிபி அட்ஜஸ்ட் எம்எஸ்எஸ் 1360 (ஒரு பாக்கெட்ல போகிற டிசிபி டேட்டாவோட உச்ச அளவு). அதாவது 1400 ல இருந்து ஐபிக்கும் டிசிபிக்கும் 40 கழிச்சது. இது டிசிபிக்கு மட்டும்தான், அதுவும் புதுசா தொடங்குற கனெக்‌ஷனுக்கு மட்டும், அதனால பழைய செஷனை மூடிட்டு டெஸ்ட் பண்ணுங்க.

அறிகுறி: ஒரு மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் விழுது

ஐபிசெக் எஸ்ஏ வோட டிஃபால்ட் ஆயுள் 3600 செகண்ட், ரீகீ (கீயைப் புதுப்பிக்கிற) நேரத்துல விழுந்தா கணக்கு சரியா பொருந்தும். ஐகேஇ வெர்ஷன் 2 ல இதுக்கு ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கு: மொதல் சைல்டு எஸ்ஏ (டேட்டாவுக்கான எஸ்ஏ) தனி டிஎச் பரிமாற்றம் இல்லாமலே உருவாகிடும், பிஎஃப்எஸ் (ரீகீல புதுசா டிஎச் பண்றது) குரூப் ஒரு பக்கம் 14, மறுபக்கம் 19 னு இருந்தாலும் ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியாது, மொதல் ரீகீலதான் உடையும். டன்னல் ஒரு மணி நேரமா அப்ல இருந்துச்சே, கான்ஃபிக் சரியாத்தானே இருக்கும்னு நம்பி லைனைக் குறை சொல்லிட்டே இருப்பாங்க. பிஎஃப்எஸ் வரியை ரெண்டு பக்கமும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

நேரக்கணக்கே இல்லாம, லைன் ஒரு தடவை போய் வந்த பிறகு மட்டும் செத்துக் கிடக்குன்னா, லாக்ல இன்வாலிட் எஸ்பிஐ வரி இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் பழைய எஸ்ஏவைக் கட்டிப்பிடிச்சுட்டு இருக்கு, மறுபக்கம் மறந்துடுச்சு. உடனடிக்கு கிளியர் கிரிப்டோ எஸ்ஏ பியர் 198.51.100.20, நிரந்தரமா கிரிப்டோ இசாகேம்ப் கீப்அலைவ் 10 பீரியாடிக் ரெண்டு பக்கமும். நீங்க உள்ள வந்திருக்கிறதே அந்த டன்னல் வழியாத்தான்னா கிளியர் அடிச்சதும் வெளிய விழுவீங்க, வேன் ஐபி வழியா எஸ்எஸ்எச் வச்சுக்கோங்க. கான்ஃபிக் மாத்துறதுக்கு முன்னாடி ரீலோட் இன் 10 போட்டுட்டு மாத்துங்க, மாட்டிக்கிட்டா பத்து நிமிஷத்துல ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி பழைய கான்ஃபிக்கோட வந்துடும், எல்லாம் சரியானா ரீலோட் கேன்சல். நடுவுல ரைட் மட்டும் அடிச்சிடாதீங்க.

அறிகுறி: பிராஞ்ச் தொடங்கினா வருது, ஹெட் ஆஃபீஸ் தொடங்கினா வரல

பிராஞ்ச் வேன் ஐபி 100.64 ல இருந்து 100.127 க்குள்ள ஆரம்பிக்குதான்னு பாருங்க, ஆமான்னா அது ஐஎஸ்பியோட பெரிய நேட்டுக்குப் பின்னாடி இருக்கு, சிம் போட்ட ரவுட்டர்ல இது சர்வசாதாரணம். வெளியில இருந்து யாரும் அதைக் கூப்பிட முடியாது, பிராஞ்ச்தான் எப்பவும் தொடங்கணும். பிராஞ்ச் ரவுட்டர்ல ஐபி எஸ்எல்ஏ (ரவுட்டரே இடைவெளி விட்டு டெஸ்ட் பாக்கெட் அனுப்புற வசதி) வச்சு ஐசிஎம்பி எக்கோ 192.168.10.1 சோர்ஸ் ஐபி 192.168.20.1, ஃப்ரீக்வென்சி 60 னு போட்டு ஷெட்யூல் பண்ணிட்டா டன்னல் தூங்காது.

மைக்ரோடிக்ல

கதை இதேதான், வார்த்தை மாறும். பிங்குக்கு எஸ்ஆர்சி அட்ரஸ் கொடுக்கணும், ஐபி ஐபிசெக் இன்ஸ்டால்டு எஸ்ஏ பிரிண்ட் ல ரெண்டு திசைக்கும் பைட் எண்ணிக்கை பார்க்கணும், மாஸ்கரேட் விதிக்கு மேல விபிஎன் சப்நெட்டுக்கு அக்செப்ட் விதி இருக்கணும். இதுல மட்டும் கூடுதலா ஃபாஸ்ட்ட்ராக் (பாக்கெட்டைக் குறுக்குவழியில வேகமா அனுப்புற) விதி ஐபிசெக் பாலிசியைத் தாண்டிப் போயிடும், விபிஎன் டிராஃபிக்கை அதுக்கு முன்னாடியே அக்செப்ட் பண்ணி விலக்கணும். பிங் போய் டிசிபி மட்டும் நொண்டுச்சுன்னா மொதல்ல அதை டிசேபிள் பண்ணிப் பாருங்க.

வயர்கார்டுன்னா டபிள்யூஜி ஷோ ல லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் வரியே இல்லன்னா கீ இல்ல யூடிபி போர்ட், ஹேண்ட்ஷேக் இருந்தும் டேட்டா போகலன்னா அலவ்டு ஐபிஸ் (அந்த பியர் வழியா எந்த ஐபி போகலாம்ங்கிற பட்டியல்). நேட்டுக்குப் பின்னாடி இருக்கிற பக்கம் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25.

மறுபக்கத்து அட்மினுக்கு எழுதும்போது

"விபிஎன் வேலை செய்யல, செக் பண்ணவும்"னு அனுப்பாதீங்க, அவரும் க்யூஎம் ஐடிலைப் பார்த்துட்டு ஓகேன்னு பதில் போடுவாரு. இப்படி எழுதுங்க: "காலை 11.10 க்கு 192.168.10.1 ல இருந்து 192.168.20.1 க்கு 100 பிங் அனுப்பினோம், எங்க என்கேப்ஸ் 100 ஏறியிருக்கு, டீகேப்ஸ் 0. உங்க ரவுட்டர்ல எங்க பியர் ஐபிக்கு டீகேப்ஸ், என்கேப்ஸ் எவ்வளவு ஏறியிருக்குன்னு அந்த ரெண்டு எண்ணை மட்டும் அனுப்புங்க. டீகேப்ஸ் ஏறியிருந்தா உங்க நேட் ஏசிஎல்லோட மேல் வரிகளையும் சேர்த்து அனுப்புங்க." கூடவே ரெண்டு பக்கமும் ஷோ கிளாக் பார்த்து நேரம் ஒத்துப் போகுதான்னு உறுதி பண்ணிக்கோங்க, இல்லன்னா அவர் லாக்ல வேற எதையோ பார்த்துட்டு இருப்பாரு. ப்ரீ ஷேர்டு கீயை மட்டும் அந்த மெயில்ல போட்டுடாதீங்க, அதைப் போன்ல சொல்லுங்க.